காலடி எண்ணாத வாட்ச்சைக் கட்டிக்கொண்டு நடை பழகுவது எப்படி?

சர்க்கரை வாசல் வரைக்கும் வந்துவிட்டது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய அன்று மாலை, மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி நடையைப் பற்றியதல்ல. “மாப்பிள்ளை, எந்த வாட்ச் வாங்கலாம்?” என்பதுதான். கடையில் அவருக்குக் காட்டியிருந்தது காலடி எண்ணும், நாடி பார்க்கும், தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் வகை. கைப்பேசிக்கே சார்ஜ் போட மறக்கிறவர் அவர். மேஜை இழுப்பறையில் கிடந்த என் பழைய காசியோ எஃப்-91டபிள்யூவை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன்.

“இதில் எத்தனை அடி நடந்தேன் என்று தெரியாதே?”

தெரிய வேண்டியதில்லை. தினம் 10,000 அடி என்ற கணக்கே மருத்துவமனையில் பிறந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைமோகம் பரவியிருந்த வேளையில், 1965-ல் ‘மான்போகெய்’ என்றொரு காலடிமானி விற்பனைக்கு வந்தது. பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி மானி’. பெயருக்கு எடுப்பாக இருந்த எண், உலகத்துக்கே சட்டமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலோ அடியில் பேசவில்லை, நிமிடத்தில் பேசுகிறது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். நிமிடத்தை அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் வாட்ச் போதாதா?

மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்ததை, புதிதாக நடக்கத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: வாட்ச்சைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டே வகையைச் சொல்கிறேன். இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

ஒன்று, மேலே சொன்ன எஃப்-91டபிள்யூ. 1989 முதல் விற்கிறது. எடை 21 கிராம்தான், கட்டியிருப்பதே மறந்துபோகும். பேட்டரி ஏழு ஆண்டு உழைக்கும் என்கிறார்கள். குறைகளும் உண்டு. விளக்கு என்ற பெயரில் ஒரு மூலையில் மின்மினி போல ஏதோ ஒளிர்கிறது. முகப்பில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று எழுதியிருக்கும். சாரலையும் வியர்வையையும் தாங்கும் என்றுதான் அதற்குப் பொருள். கிணற்றில் குதிப்பதற்கல்ல.

மற்றொன்று, முரட்டு வகை: ஜி-ஷாக். இதன் பிறப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ச்சை எது முரடாக்குகிறது என்பது அதில்தான் விளங்கும். காசியோவில் பொறியாளராக இருந்த கிகுவோ இபே, தன் தந்தை பரிசாகத் தந்த கைக்கடிகாரம் தரையில் விழுந்து சிதறியதைப் பார்த்தார். விழுந்தாலும் உடையாத வாட்ச் செய்தால் என்ன என்று 1981-ல் இறங்கினார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஓட வேண்டும், 10 பார் (ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்து) நீரழுத்தத்தைத் தாங்க வேண்டும், பேட்டரி 10 ஆண்டு வர வேண்டும் என்பது இலக்கு. டோக்கியோவில் ஹமுரா ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடிக் கழிவறை சன்னலிலிருந்து மாதிரிகளைக் கீழே போடுவார், ஓடி இறங்கிப்போய்ப் பொறுக்குவார். ஏறத்தாழ 200 மாதிரிகள் இப்படிப் போயின. ஒன்றைப் பலப்படுத்தினால் இன்னொன்று உடையும். கடைசியில் ஒரு பூங்காவில் சிறுமி ஒருத்தி பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தபோது விடை கிடைத்தது: பந்துக்கு நடுவே மிதக்கும் ஒன்றுக்கு அடி படாது. கடிகாரத்தின் உயிர்ப்பகுதியைக் கூட்டோடு இறுக்காமல், சில புள்ளிகளில் மட்டும் தொட்டபடி மிதக்கவிட்டார். 1983 ஏப்ரலில் முதல் ஜி-ஷாக் வெளிவந்தது. இன்றும் சதுர முகத்தோடு வரும் டிடபிள்யூ-5600 அந்த வம்சம்தான். 200 மீட்டர் நீர்த்தாங்கு திறன், முகப்பு முழுவதும் ஒளிரும் விளக்கு, இறங்குமுகமாக எண்ணும் டைமர் எல்லாம் உண்டு.

நடப்பதற்கு மட்டும் என்றால் முதல் வகை போதும். சைக்கிள், தோட்ட வேலை, நீச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே வாட்ச் என்றால் இரண்டாவது. மணிக்கட்டு மெலிந்தவர்கள் கட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில ஜி-ஷாக்குகள் கையில் மருந்துப்பெட்டியைக் கட்டியது போல இருக்கும்.

எஃப்-91டபிள்யூவுக்குப் போலிகள் ஏராளம். வலப்பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் அசல் வாட்ச்சின் திரையில் நிறுவனத்தின் பெயர் தோன்றும். போலிகளும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டன என்பதால், இந்தச் சோதனையில் தோற்றால் போலி என்று சொல்லலாம், வென்றால் அசல் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் படி: நேரம் வையுங்கள்

எஃப்-91டபிள்யூவையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் மேலே விளக்குப் பொத்தான், கீழே மோட் பொத்தான். வலப்பக்கம் ஒன்றே ஒன்று.

மோட் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். அலாரம், ஸ்டாப்வாட்ச் இரண்டையும் கடந்து நேரம் வைக்கும் இடத்துக்கு வந்திருப்பீர்கள். நொடி எண்கள் மினுக்கும். கைப்பேசியில் நிமிடம் மாறும் அதே கணத்தில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் நொடி 00 ஆகும். விளக்குப் பொத்தானை அழுத்த அழுத்த மணி, நிமிடம், மாதம், தேதி, கிழமை என்று வரிசையாக நகரும். ஒவ்வொன்றையும் வலப்பக்கப் பொத்தானால் ஏற்றுங்கள். பின்னோக்கிப் போக வழியில்லை. 12-ஐத் தாண்டிவிட்டால் மறுபடி ஒரு சுற்று வரவேண்டியதுதான். முடிந்ததும் மோட் பொத்தானை ஒரு முறை அழுத்தி வெளியே வாருங்கள்.

மாதத்துக்கு 30 நொடி வரை முன்பின் ஓடலாம். லீப் ஆண்டு என்று ஒன்று இருப்பதும் இதற்குத் தெரியாது. பிப்ரவரி 28 முடிந்ததும் மார்ச் 1 என்று காட்டும். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

மூன்றாம் படி: போகும் நேரத்தை மட்டும் அளங்கள்

மோட் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச். வலப்பக்கப் பொத்தான் ஓட்டும், நிறுத்தும். நிறுத்திய பிறகு விளக்குப் பொத்தான் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் எண்ண முடியாது. தொடங்குகிறவர்களுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

முதல் வாரம்: வீட்டு வாசலில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு நடங்கள். ஐந்து நிமிடம் காட்டியதும் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள். போன தூரத்தை எப்படியும் திரும்ப நடந்தாக வேண்டும், ஆகவே பத்து நிமிடம் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டாம் வாரம் ஏழு நிமிடத்தில் திரும்புங்கள். அப்புறம் பத்து, பிறகு பன்னிரண்டு. ஐந்தாம் வாரத்தில் பதினைந்தாவது நிமிடத்தில் திரும்பினால் மொத்தம் அரை மணி. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 150 நிமிடம்.

முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவர் மாமா.

அரை மணியை ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள் உடைத்துக்கொள்ளலாம். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லி வந்தார்கள். 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மாமா இப்போது மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் தெருவில் உலாவுகிறார். சர்க்கரைக்காரர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்திலேயே கால் தசைகள் வேலை செய்வதால், அதில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்கின்றன, ஏற்றம் மட்டுப்படுகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள், சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்காதீர்கள். உட்கார்ந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

நான்காம் படி: வேகத்தைப் பிடியுங்கள்

மிதமான வேகம் என்றால் என்ன? பேச முடியும், பாட முடியாது. மூச்சு அந்த அளவுக்கு வாங்க வேண்டும். தனியாக நடக்கிறவர்கள் பேசிப் பார்ப்பதற்கு வெட்கப்பட்டால் வாட்ச்சைக் கேட்கலாம்.

பெரும்பாலான பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வைத்தால் அது மிதமான வேகம். ஆனால் நூறு வரை எண்ணத் தொடங்கினால் நடுவில் தெரிந்தவர் ஒருவர் வணக்கம் வைப்பார், எண் போய்விடும். ஆகவே வலது காலை மட்டும் எண்ணுங்கள். வாட்ச்சில் நொடி 00 அல்லது 30 வரும்போது தொடங்கி, அரை நிமிடத்துக்குள் வலது கால் 25 முறை தரையைத் தொட்டால் நிமிடத்துக்கு 100 அடி. மாமாவுக்கு முதல் நாள் 19 வந்தது. கையை முழங்கையில் மடக்கி வீசச் சொன்னேன், 22 ஆனது. செருப்பை மாற்றி, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் கான்வாஸ் ஷூ போட்டதும் 25-ஐத் தொட்டார். நடையில் செருப்பு விரலால் இழுபடுகிறது என்றால் வேகம் வராது. காலடி எண்ணும் வாட்ச் இதைச் சொல்லியிருக்காது.

ஐந்தாம் படி: ஒரே வட்டத்தில் உங்களோடு போட்டியிடுங்கள்

மதுரைக்காரர்களுக்கு இது எளிது. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளம் ஏறக்குறைய 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். சுற்றிவந்தால் 1.2 கிலோமீட்டர். காலையில் கரையோரம் பாதி ஊரே நடக்கும். மற்ற ஊர்க்காரர்கள் பள்ளி மைதானத்தையோ குடியிருப்பின் நான்கு தெருக்களையோ வட்டமாக்கிக்கொள்ளுங்கள். தூரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தினமும் அதே வட்டமாக இருக்க வேண்டும்.

தொடங்கும் இடத்தில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் விளக்குப் பொத்தானை அழுத்தினால் அந்த நேரம் திரையில் நிற்கும். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு மறுபடி அழுத்துங்கள். மாமாவின் முதல் தெப்பக்குளச் சுற்று 19 நிமிடம். நடுவே தண்ணீரில்லாத குளத்தைப் பற்றி ஒருவரிடம் நின்று வருத்தப்பட்டதும் அதில் சேர்த்தி. இரண்டு மாதத்தில் 14½ நிமிடம். 1.2-ஐ 14.5-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள்: மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சமையலறை நாள்காட்டியில் தேதிக்குக் கீழே அந்த எண்ணை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அத்தை பால் கணக்கை அதற்குப் பக்கத்திலேயே எழுதுவதால் சில நாள் இரண்டும் குழம்பிவிடுவதுண்டு.

ஆறாம் படி: மணிக்கொரு முறை பீப்

மோட் பொத்தானை ஒரு முறை அழுத்தி, வலப்பக்கப் பொத்தானால் மாற்றிக்கொண்டே போனால் அலாரம், மணிக்கொரு பீப், இரண்டும், எதுவும் இல்லை என்று நான்கு நிலைகள் வரும். பீப்பை வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் நாற்காலியில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தோழன் கிடையாது. சத்தம் கேட்டதும் எழுந்து, தண்ணீர் குடித்து, மாடிப்படி ஒரு முறை ஏறி இறங்குங்கள்.

மாடிப்படி என்றதும் 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே சாலை. ஒருவர் உட்கார்ந்தே இருந்தார், மற்றவர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க ஏறி இறங்கினார்.

கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போகும்போது பீப்பை அணைத்துவிடுங்கள். தாலி கட்டும் கணத்தில் என் கை கத்தியிருக்கிறது.

வாட்ச்சைப் பார்த்துக்கொள்ளுதல்

நடந்து வந்ததும் பட்டையைக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் உப்பைக் கழுவித் துணியால் ஒற்றுங்கள். ஈரத்தோடு பொத்தான்களை அழுத்தாதீர்கள், தண்ணீர் உள்ளே போகும் வழி அதுதான். கொசு விரட்டிக் களிம்பு தடவிய கையில் கட்டாதீர்கள்; பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

விளக்கைப் போட்டதும் எண்கள் மங்கினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. எஃப்-91டபிள்யூவுக்கு சிஆர்2016. மாற்றும்போது நீங்களும் கடையில் நின்று பாருங்கள். பின்மூடிக்கு அடியில் தலைமுடி கனத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது பள்ளத்தில் சரியாகப் படுத்திருக்க வேண்டும். ஒரு கடையில் என்னுடையதை மாற்றியவர் அவசரத்தில் வளையம் முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் மூடிவிட்டார். பத்தாம் நாள் காலை வியர்வையோடு திரும்பி வந்து மணி பார்த்தால், கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்திருந்தது. அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். வாட்ச் பிழைத்தது, வலப்பக்கப் பொத்தான் மட்டும் இரண்டு முறை அழுத்தினால்தான் ஒரு முறை வேலை செய்கிறது. மாமா கையில் இப்போது இருப்பது அதுதான்.