பிடித்தது எந்த வழியாக வந்தது: இரசனைக் கொப்பி எழுதும் முறை

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரிடம் அவருக்குப் பிடித்த பாடகர் யார், ஓவியர் யார், எழுத்தாளர் யார் என்று கேட்டால் உடனே ஒரு பெயர்ப் பட்டியல் வரும். அருகில் இருக்கும் நண்பரிடம் கேட்டாலும் ஏறக்குறைய அதே பெயர்களே வரும். ஆனால் அந்தப் பெயர்கள் இருவரிடமும் வந்து சேர்ந்த வழி வேறு. ஒருவருக்கு நாதஸ்வரம் பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் தகப்பனாரின் தோளில் இருந்தபடி கேட்டதாக இருக்கும். மற்றவருக்கு அது பக்கத்துக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் விடியற்காலையில் கேட்டதாக இருக்கும். ஆகவே ஓர் இளைஞர் தம் இரசனையை அறிய விரும்பினால், தமக்கு எது பிடிக்கும் என்று எழுதுவதைவிட, அது எந்தப் பொருளின் வழியாக, யாருடைய கையால் தம்மிடம் வந்தது என்று எழுதுவதே பயன் தரும். அப்படி ஒரு கொப்பியைத் திருகோணமலையில் வாழும் ஓர் இளைஞர் எவ்வாறு தொடங்கித் தொடரலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் இதற்குத் துணைநிற்கலாம். ஆனால் எழுதும் கை இளைஞருடையதாகவே இருக்க வேண்டும்.

பொருளிலிருந்து தொடங்குதல்

முதற் பக்கத்தில் கலைஞரின் பெயரை எழுத வேண்டாம். வீட்டிலுள்ள ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள். அது விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. அடிக்கடி கையில் எடுக்கப்பட்டதாக, அல்லது நாள்தோறும் கண்ணில் படுவதாக இருந்தாற் போதும். அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பாட்டுக் கசற், அம்மம்மா பூவேலை செய்த தலையணை உறை, மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள உறவினர் தந்த பன்பாய், மாமாவின் பெயர் எழுதிய பழைய நாவல், சாமியறையில் சட்டமிட்டு மாட்டிய சரஸ்வதி படம் ஆகியவற்றில் எதுவும் பொருந்தும்.

சாமியறைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பட்டுச் சேலை கட்டி, நகை அணிந்து, நம் வீட்டுப் பெண் போன்ற முகத்தோடு இருக்கும் தெய்வத்தைப் பார்த்தே நம்மில் பலர் வளர்ந்தோம். அந்தத் தோற்றத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் திருவிதாங்கூரில் பிறந்த இரவி வர்மா (1848–1906). அவர் 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் ஒன்றைத் தொடங்கித் தம் ஓவியங்களை வண்ண அச்சாக வெளியிட்டதால், அரண்மனைகளுக்குள் இருந்த ஓவியம் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தது. பின்னர் வந்த கலண்டர் ஓவியர்கள் அதே வழியைப் பின்பற்றினார்கள். ஓர் இளைஞர் பதினாறு வயதில் ஒரு முகத்தை அழகு என்று சொல்லும்போது, அந்தத் தீர்ப்பின் அடியில் அவர் பிறக்கும் முன்னரே சுவரில் தொங்கிய ஒரு படமும் இருக்கக்கூடும். இதை அறிவதனால் அந்த அழகு குறைந்துவிடாது.

கைத்தொலைபேசியும் ஒரு பொருள்தான். அதை இந்தக் கொப்பியிலிருந்து விலக்க வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களோடு நான் உடன்படவில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். தோழி அனுப்பிய பாட்டுக்கு அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார். யூடியூப் தானாக அடுத்து ஓடவிட்ட பாட்டுக்கு அப்படி ஒருவர் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் இது எந்த வகை என்று ஒரு சொல்லில் எழுதி வந்தாலே, சில வாரங்களில் உங்கள் காதுக்கு யார் உணவூட்டுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அருகில் வைத்துப் பார்த்தல்

தேர்ந்தெடுத்த பொருளை யன்னலோர வெளிச்சத்தில் வைத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் எழுதுங்கள். ‘அழகானது’, ‘பழமையானது’, ‘பெறுமதியானது’ போன்ற சொற்களை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். அவை பார்ப்பதை நிறுத்திவிடும் சொற்கள்.

ஒரு கசற்றைப் பார்ப்போம். 60 அல்லது 90 என்ற எண் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும்; 90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். முதுகு விளிம்பின் இரண்டு ஓரங்களிலும் சிறிய பிளாஸ்ரிக் நாக்குகள் இருக்கும். கடையில் பாட்டோடு விற்கப்பட்ட கசற்றுகளில் அவை தொடக்கத்திலேயே இருக்கமாட்டா. வீட்டில் பதிந்த கசற்றில் அவை உடைக்கப்பட்டிருந்தால், இதில் உள்ளதை எவரும் அழிக்கக்கூடாது என்று ஒருவர் முடிவுசெய்திருக்கிறார். உடைத்த இடத்தில் செலோரேப் ஒட்டியிருந்தால், பின்னர் இன்னொருவர் அதன்மேல் வேறொன்றைப் பதிய விரும்பியிருக்கிறார். வானொலியிலிருந்து பதிந்ததாயின் பாட்டின் முதல் வரி பாதியில் தொடங்கும். ஏனெனில் அறிவிப்பாளர் பேசி முடிக்கும் வரை விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்தவர் ஒரு கணம் பிந்திவிட்டார். சில கசற்றுகளில் அறிவிப்பாளரின் குரலும் சேர்ந்தே இருக்கும். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரலுக்காகவே வானொலியின் முன் அமர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. தெளிவான உச்சரிப்பை விரும்பும் இளைஞர் பலர் அந்த விருப்பத்தை இவர்களைக் கேட்டு வளர்ந்த தாய் தந்தையரிடமிருந்து பெற்றவர்கள் என்பது என் எண்ணம்.

இவ்வாறு பார்த்து எழுதியது ஒரு பக்கமாவது வர வேண்டும். அதற்குக் குறைவாக வந்தால், கொப்பியை மூடிவிட்டு மறுநாள் அதே பொருளை மீண்டும் பாருங்கள்.

பெரியவர்களிடம் கேட்டல்

‘உங்களுக்கு யாருடைய பாட்டுப் பிடிக்கும்?’ என்று பெரியவர்களிடம் கேட்டால் இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். “அம்மம்மா, இந்தக் கசற் ஆர் பதிஞ்சது? அப்ப றேடியோ எங்க வச்சிருந்தனீங்கள்? ஆரெல்லாம் இருந்து கேக்கிறது?” என்று கேட்டால், அவர் பாட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டார், அந்த வீட்டையும், அங்கே வந்து போனவர்களையும், எந்தப் பாட்டு வந்தால் யார் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிடுவார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னவரை மறக்காமல் எழுதுங்கள். வீட்டில் தடுக்கப்பட்ட பாட்டும் இரசனையை உருவாக்குகிறது.

பேச்சைப் பதிவுசெய்வதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் அறையில் இருக்கும்போது நமக்குத் தெரியாது, பதிவில் பேச்சையே மூடிவிடும். தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்து, பேசுபவருக்கு ஒரு முழத் தொலைவில் துணியின் மேல் வையுங்கள். அவர் அழுதால் அல்லது நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். இந்த மாவட்டத்தில் பழைய பொருளொன்றைக் கையில் எடுத்தால் இடப்பெயர்வின் கதையும் அதனோடு எழுந்து வருவது வழக்கம்.

பொருளிலிருந்து கலைஞரிடம் செல்லுதல்

இப்போதுதான் கலைஞரின் பெயரைத் தேட வேண்டும். பாட்டாக இருந்தால் பாடியவரோடு நின்றுவிடாமல், இயற்றியவர், இசையமைத்தவர், வாத்தியம் வாசித்தவர் ஆகியோரையும் தேடுங்கள். நமக்குப் பிடித்தது பாடகரின் குரல் என்று நெடுநாள் நினைத்திருந்துவிட்டு, உண்மையில் நம்மை இழுத்தது அந்தப் புல்லாங்குழல்தான் என்று கண்டறிவதும் உண்டு. ஒருவரின் இளமைக்காலப் படைப்பு ஒன்றையும் முதிர்ந்த காலப் படைப்பு ஒன்றையும் எடுத்து ஒரே நாளில் கேளுங்கள் அல்லது வாசியுங்கள். பின்னர் அவருடைய ஆசான் யார் என்று தேடுங்கள்.

கோயில் திருவிழாவில் தவிலொலியால் ஈர்க்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அடுத்த முறை தவிற்காரருக்கு அருகில் நின்று கைகளைப் பார்க்கட்டும். ஒரு கை விரல்களில் கடினமான கூடுகளை அணிந்து வாசிக்கும். மறு கை சிறிய கழியால் வாசிக்கும். ஒரே வாத்தியத்தில் இரண்டு வகையான ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பது அப்போது விளங்கும். அதன் பின் அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியின் (1933–1975) ஒலிப்பதிவுகளைக் கேட்டால், காதில் விழுவதைக் கண்ணாலும் காண முடியும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்கு அது வேகமாக மட்டுமே தோன்றும்.

எழுத்தாளர்களைத் தேடும்போது நம் மாவட்டத்தவரிடமிருந்து தொடங்குவது நல்லது. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனக் கருதப்படும் மோகனாங்கியை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். கடற்கரை மக்களின் வாழ்வைச் சிறுகதைகளாக்கிய வ. அ. இராசரத்தினம் மூதூர்க்காரர். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாக மின்வடிவில் கிடைக்கின்றன. வீட்டிலுள்ள நூல்களில் கிழிந்துபோன பக்கங்களை அங்கே தேடிப் பார்க்கலாம்.

ஊரில் இருக்கும் பொருள்கள்

வீட்டுக்கு வெளியேயும் நம் கண்ணைப் பழக்கிய பொருள்கள் உள்ளன. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடக்கிறார்கள். அந்த வாயிற் கல்லில் இரட்டைக் கயல் மீன் சின்னமும் குளக்கோட்டன் என்னும் மன்னனைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டும் இருப்பதை நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. மேலே கோயிலில் உள்ள பழைய செப்புத் திருமேனிகளில் சில, 1950இல் நகரசபைக்காகக் கிணறு தோண்டியபோது நிலத்துக்குள்ளிருந்து கிடைத்தவை. சிவனும் உமையும் குழந்தை முருகனும் சேர்ந்த சோமாஸ்கந்த மூர்த்தமும் அவற்றில் ஒன்று. பட்டும் மாலையும் சாத்திய நிலையில் திருமேனியின் முழு வடிவம் தெரியாது. ஆகவே முகத்தின் சாய்வு, கைவிரல்களின் நிலை என்று தெரிகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். ஓவியம் வரையத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். நினைவில் எது நின்றது, எது நழுவியது என்பதே இங்கு வேண்டியது. நவராத்திரி நிறைவில் இரவு வீதிகளில் வரும் கும்பங்களையும் இவ்வாறே பாருங்கள். எந்தக் கும்பம் உங்களை நிறுத்தி வைத்தது, ஏன் என்று அன்றிரவே எழுதுங்கள்.

இவ்வாறு பொருள்களைப் பார்த்தே தம் வாழ்வின் திசையை மாற்றிக்கொண்டவர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). நிலவியல் கற்ற அவர் கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக் கிராமங்களுக்குச் சென்றார். அங்கே கைவினைஞர்கள் செய்த பொருள்களையும் அந்தக் கைவினைகள் அழிந்துவருவதையும் கண்டு, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கலை வரலாற்றறிஞராக உலகம் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான்.

இழந்த பொருள்களை எழுதுதல்

போரிலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் எல்லாவற்றையும் இழந்த வீடுகள் இங்கே ஏராளம். அத்தகைய வீட்டுப் பிள்ளைகளிடம் ‘ஒரு பழைய பொருளைக் கொண்டு வாருங்கள்’ என்று வகுப்பில் சொல்லுவது கொடுமையாகிவிடும். ஆசிரியர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். இல்லாத பொருளையும் எழுதலாம். அதைப் பார்த்தவர்கள் இருவரையோ மூவரையோ தனித்தனியாகச் சந்தித்து, நிறம், அளவு, வைத்திருந்த இடம், பயன்படுத்தியவர் என்று கேட்டு எழுதுங்கள். இருவர் சொல்வதும் பொருந்தாவிட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்பளிக்க வேண்டாம்.

திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர் செய்த பெரும்பணியும் இந்த வகையைச் சேர்ந்ததே. பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் சொல் சொல்லாக ஆராய்ந்து, அந்த இசைக்கருவியின் அமைப்பையும் இசையின் இலக்கணத்தையும் யாழ்நூலில் மீட்டுத் தந்தார். நூல் 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். கையில் இல்லாத பொருளைச் சொற்களிலிருந்து மீட்க முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்குத் தேவையில்லை.

பாதுகாத்தலும் தொடர்தலும்

நமது கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. நவம்பர், டிசம்பர் மழையில் பழைய தாளும் படமும் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். புகைப்படங்களை பிளாஸ்ரிக் உறையில் நெருக்கி வைக்காமல் தாள் உறைகளில் தனித்தனியாக இட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில் நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். கிழிந்த தாளில் செலோரேப் ஒட்டாதீர்கள், லமினேற் செய்யாதீர்கள். படத்தின் பின்புறம் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். கசற்றுகளை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் வைக்க வேண்டாம். அதிலுள்ள காந்தம் பதிவைக் கெடுக்கும். ஓடக்கூடிய கசற் இயந்திரம் கிடைத்தால், அதன் ஒலி வெளிவரும் துவாரத்தைக் கணினியின் ஒலிவாங்கும் துவாரத்தோடு வயரால் இணைத்து, ஓடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். இடையில் வரும் அறிவிப்பாளரின் குரலையும் வீட்டாரின் இருமலையும் வெட்டி நீக்காதீர்கள்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் திகதி இடுங்கள். ஓராண்டு கழித்து அதே பொருளைப் பற்றிப் புதிய பக்கத்தில் மீண்டும் எழுதுங்கள். பழைய பக்கத்தைத் திருத்த வேண்டாம். அன்று பிடித்த பாடகர் இன்று பிடிக்காமற் போயிருந்தால், அந்த மாற்றம் எந்தப் பொருளாலும் எந்த மனிதராலும் வந்தது என்று எழுதுங்கள். பெரியவர்கள் சொன்னவற்றை எழுதிய பக்கங்களை அவர்களுக்கே ஒருமுறை வாசித்துக் காட்டி, அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கி, ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.