தண்ணீர்ப்பந்தல் வைக்கப் போகிறவர்களுக்கு

திறப்பு நாளில் மோர், தர்ப்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு என்று எல்லாம் இருக்கும். நாலாம் நாள் போனால் பானை காய்ந்து கிடக்கும். நேற்று இருந்ததே என்று நம்பி, கையில் பாட்டில் இல்லாமல் வெயிலில் நடந்து வந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஆகவே பந்தல் போடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கடைசி நாள் வரை காலையில் பானையை நிரப்பப் போவது யார்? அதற்கு ஆள் உறுதியாகாவிட்டால் பந்தல் வேண்டாம். வீட்டு வாசலில் 20 லிட்டர் பிடிக்கிற ஒரு குழாய்ப் பானையை வைத்து, தினமும் நிரப்புங்கள். தெருக் கூட்டுகிறவர், தபால்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், கீரை விற்கிற அம்மா எல்லோருக்கும் அது போதும்.

பந்தல்தான் என்று முடிவானால், அளவிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் சராசரியாக 300 மில்லி குடிப்பார். நாளொன்றுக்கு 300 பேர் என்றால் 90 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த 25 நாளுக்கு 125 கேன். கேன் போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசி, தினமும் காலை ஒன்பதுக்குள் வந்துசேர ஏற்பாடு செய்யுங்கள். கோடையில் கேனுக்குத் தட்டுப்பாடு வரும், கடைசி நேரத்தில் கிடைக்காது. டம்ளர் கழுவ இதற்கு மேல் நாளொன்றுக்கு 60 லிட்டர் குழாய்த் தண்ணீர் வேண்டும். பலரும் மறந்துபோவது இதைத்தான். கையில் இருக்கிற பணம் 25 நாளுக்குப் போதவில்லையென்றால் மோரைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் தினமும், மோர் வாரம் ஒருநாள் என்பது நல்ல திட்டம்.

இடம், வேம்போ புங்கையோ நிற்கிற பக்கமாக இருக்கட்டும். பேருந்து நிறுத்தம், சந்தை முகப்பு, ரேஷன் கடை, தாலுகா அலுவலகம் போன்ற, ஆட்கள் காத்து நிற்கிற இடங்கள்தான் ஏற்றவை. சாக்கடையை ஒட்டி வேண்டாம், ஈ மொய்க்கும். திருப்பத்தில் வேண்டாம், வண்டியை ஓரங்கட்டுகிறவர்களால் விபத்து நேரும். சாலையோரம் என்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியிடமும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மோர் கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் சொல்லி, பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூரைக்குத் தென்னங்கீற்று நல்லது. தகரமும் தார்ப்பாயும் சூட்டைக் கீழே இறக்கும்.

புதுப் பானையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் நிரப்பி ஒருநாள் வைத்துக் கொட்டுங்கள். இப்படி மூன்று நாள் செய்தால் மண்வாடை போகும். பானை குளிர்வது, நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால். எனவே சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். துளை அடைபடும், வாடையும் ஏறும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும். அரை அடி உயரத்துக்கு மணல் பரப்பி, அதை ஈரமாக வைத்து, அதன்மேல் பானையை அமர்த்துங்கள். சுற்றிலும் நனைத்த பருத்தித் துணி. காற்றோட்டம் கட்டாயம்: மூன்று பக்கமும் துணி கட்டி மூடிய பந்தலில் பானை குளிராது. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி, ஆகவே மதுரைப் பானை அளவுக்குச் சென்னைப் பானை குளிராது. அதற்காக ஐஸ் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மீனுக்குப் பயன்படுகிற ஐஸ் குடிக்கத் தகுந்த நீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. ஊரே குடிக்கிற பானையில் அதைப் போட்டால் ஊருக்கே வயிற்றுப்போக்கு. மணத்துக்கு வெட்டிவேர் ஒரு கைப்பிடி, நன்றாக அலசி, துணியில் முடிந்து போடலாம். மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.

பானைக்குள் யார் கையும் போகக் கூடாது. குழாய் வைத்த பானை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நீளப் பிடி வைத்த கரண்டி. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் டம்ளருக்கும் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டம்ளர் 50 வாங்கிவிடுங்கள், பல வருடம் வரும். கழுவ மூன்று வாளி: முதலில் சோப்பு நீர், அடுத்த இரண்டிலும் நல்ல நீர். மூன்றாவது வாளி கலங்கினால் உடனே மாற்ற வேண்டும். கழுவியதைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். அழுக்குத் துணிதான் நோயைப் பரப்பும். அண்ணாந்து குடிக்கிறவர்களுக்கும் பாட்டில் நீட்டுகிறவர்களுக்கும் மறுக்காமல் ஊற்றுங்கள். பாட்டிலில் பிடிக்கிறவர் வேலையிடத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே தண்ணீர் இல்லை என்றுதான் அர்த்தம்.

இனி மோர். 300 பேருக்கு ஆளுக்கு 200 மில்லி வீதம் 60 லிட்டர். கெட்டித் தயிர் 12 லிட்டர், தண்ணீர் 48 லிட்டர். உப்பு 300 கிராம், பச்சை மிளகாய் 150 கிராம், இஞ்சி 200 கிராம், பெருங்காயத்தூள் 15 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கொத்தமல்லி மூன்று கட்டு. மிளகாயையும் இஞ்சியையும் அரைத்து, துணியில் வடிகட்டிச் சாறாகச் சேருங்கள். துண்டு துண்டாகப் போட்டால் அவசரமாகக் குடிக்கிறவருக்குப் புரையேறும். கடுகு தாளிக்க வேண்டாம். எண்ணெய் மேலே மிதந்து டம்ளரில் ஒட்டும், கழுவி மாளாது. உப்பை ஒரேயடியாகக் கொட்டாமல் முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்துச் சேருங்கள், கூடிவிட்டால் அவ்வளவு மோரையும் சரிசெய்வது கஷ்டம்.

கூடவே உப்பும் காரமும் இல்லாத மோர் ஐந்து லிட்டர் தனியாக வையுங்கள். இரத்த அழுத்தக்காரர்களும் சின்னக் குழந்தைகளும் வருவார்கள். பாத்திரம் எவர்சில்வராகவே இருக்கட்டும். பித்தளையிலும் அலுமினியத்திலும் புளிப்பு ஏறினால் உலோகம் கரைந்து மோரில் கலக்கும்.

முந்தின நாள் சாயங்காலமே உறை ஊற்றினால் கோடையில் காலைக்குள் புளித்துவிடும். இரவு பதினொரு மணிக்கு ஊற்றுங்கள். காலையில் தயிர் இறுகியதும் நிழலில், தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்துக் குளிர்த்துங்கள். கலக்கத் தொடங்குவது பத்தரைக்கு, அதுவும் ஒரே தடவையில் அல்ல, 20 லிட்டராக மூன்று தடவை. கலக்கிய மோர் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் கொடுக்காதீர்கள். மிஞ்சியதை மறுநாள் மோரில் சேர்ப்பது பெரிய தவறு, அத்தனையும் கெடும்.

ஆட்கள் ஒரு நேரத்துக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் ஊற்ற, ஒருவர் கழுவ. பதினொன்று முதல் ஒன்றரை வரை ஒரு ஜோடி, பிறகு நாலு வரை இன்னொரு ஜோடி. பதினான்கு வீடுகள் சேர்ந்து, வீட்டுக்கு இரண்டு பேர் வந்தால், வாரம் ஒருநாள் முறை போதும். பெயர்களைக் காகிதத்தில் எழுதிப் பந்தலிலேயே ஒட்டிவிடுங்கள்.

வருகிறவரிடம் எதுவும் கேட்க வேண்டாம், குடிக்கிறவரைப் படம் எடுக்கவும் வேண்டாம். தாகத்தில் முகம் எப்படி இருக்கும் என்பது அவரவர் சொந்த விஷயம். கொடுத்தவர் பெயரைப் பெரிதாகப் போட்டால் சிலர் உள்ளே வரவே தயங்குவார்கள். ‘குடிதண்ணீர், எல்லோருக்கும்’ என்று தெளிவாக எழுதிய பலகை போதும். நாயன்மார்களில் ஒருவரான திங்களூர் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப்பந்தலில் அவர் பெயர் இல்லை; தாம் நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரைத்தான் வைத்திருந்தார்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், அதாவது ஓ.ஆர்.எஸ்., பத்து வாங்கி வையுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுவதையும் கரைக்க வேண்டும். யாராவது மயங்கினால் நிழலில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108-க்கு அழையுங்கள்.

பந்தலுக்கு வெளியே, ஆள் நடமாட்டம் குறைந்த பக்கத்தில், நாய்க்கும் மாட்டுக்கும் ஒரு சிமெண்ட் தொட்டி வையுங்கள். டம்ளர் அலசிய சோப்பு நீரை அதில் ஊற்றாதீர்கள். தினமும் கொட்டிப் புதுநீர் விடாவிட்டால் கொசு முட்டையிடும்.

பந்தலை எடுக்கப் போகிற தேதியை மூன்று நாள் முன்பே பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் வேறு எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பானைகளைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, கவிழ்த்து அடுக்குங்கள். அடுத்த வருடம் எடுத்து நீர் ஊற்றும்போது வெளிப்புறம் கசிந்து ஈரமாகாத பானை, துளை அடைத்த பானை. அது இனிக் குளிராது. அதன் அடிப்பாகத்தை உடைத்து எடுத்தால், மொட்டைமாடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கலாம்.