மைல்ஸ் டிக்கெட்டில் தவறு நடந்துவிட்டால் முதலில் செய்யக் கூடாதது

விமான நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தரும் பரிசுப் புள்ளிகளான மைல்ஸைக் கொடுத்து எடுத்த டிக்கெட்டில் தேதியோ பெயரோ ஊரோ தப்பாகிவிட்டது என்று தெரிந்ததும், பலரும் பதற்றத்தில் அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு விமானத்தில் மைல்ஸுக்கென்று ஒதுக்குவது சில இருக்கைகள்தான். நீங்கள் விட்டுக்கொடுத்த இருக்கை திரும்பவும் அதே ஒதுக்கீட்டுக்கு வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. காசுக்கு விற்கும் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டால், அதே இருக்கை உங்கள் கண்முன்னே இருக்கும், மைல்ஸுக்குக் கிடைக்காது.

பழைய டிக்கெட் கையில் இருக்கும்போதே சரியான தேதியில் இருக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை எடுத்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். இரண்டுக்கும் போதுமான மைல்ஸ் கணக்கில் இல்லையென்றால் போனில் அழைத்து, ஒரே அழைப்பில் மாற்றித் தரச் சொல்லுங்கள். புதிய இருக்கை உறுதியாகிவிட்டது என்று அவர்கள் சொல்லும்வரை பழையதை விடச் சம்மதிக்காதீர்கள்.

சரி, யாரை அழைப்பது? இங்கேதான் நிறையப் பேர் நாள் கணக்கில் அலைகிறார்கள். சிகாகோவில் இருக்கும் மகன் தன் யுனைடெட் மைல்ஸைக் கொடுத்து, அப்பா அம்மாவுக்குச் சென்னை - ஃபிராங்ஃபர்ட் - சிகாகோ என்று லுஃப்தான்சா விமானத்தில் டிக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிறுவனங்களும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால் இது நடக்கும். பிறகு அப்பாவின் பெயரில் பிழை தெரிகிறது. ஏறப்போவது லுஃப்தான்சாவில் என்பதால் குடும்பமே லுஃப்தான்சாவுக்குப் போன் போடுகிறது. எங்களால் தொட முடியாது என்ற பதில்தான் வரும். காரணம் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. 13 இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 016 என்றால் அதை வெளியிட்டது யுனைடெட், 220 என்றால் லுஃப்தான்சா, 098 என்றால் ஏர் இந்தியா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 603 என்றால் ஸ்ரீலங்கன். எவர் மைல்ஸைக் கொடுத்தீர்களோ அவர்கள்தான் டிக்கெட்டுக்குச் சொந்தக்காரர்கள். தேதி, பெயர், ரத்து என்று எதுவானாலும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

இதே எண்ணை வைத்து இன்னொன்றையும் பார்த்துவிடலாம். முன்பதிவுக்கான 6 எழுத்துக் குறியீடு வந்துவிட்டாலே டிக்கெட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கூட்டாளி நிறுவனத்தின் விமானமாக இருந்தால், குறியீடு வந்தும் டிக்கெட் வெளியாகாமல் நின்றுபோவது உண்டு. மின்னஞ்சலில் 13 இலக்க எண் இல்லாவிட்டால் அன்றே கேளுங்கள். அப்புறம், கூட்டாளி நிறுவனம் அதே பயணத்துக்குத் தன் பங்குக்கு வேறொரு குறியீடு வைத்திருக்கலாம். அதையும் கேட்டு வாங்கி வையுங்கள், இருக்கை தேர்வுக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான் தேவைப்படும்.

பெயர்ப் பிழை நம்மவர்களுக்கு அதிகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. இனிஷியல் ஒருவருக்கு முன்னால், இன்னொருவருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் பலருக்குக் காலி. விமான நிறுவனத்தின் படிவமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிப்பதில்லை. அங்கே மனம்போனபடி எதையாவது நிரப்பாமல், ஒற்றைப் பெயருக்கு அந்த நிறுவனம் என்ன முறை வைத்திருக்கிறது என்று பாருங்கள். சிலர் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் முதல் பெயருக்கு எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வார்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவிலும் முதல் பெயர் இருக்கும் இடத்தில் அதே மூன்று எழுத்துதான் அச்சாகிறது.

ஓரிரு எழுத்துப் பிழையையும் முன்பின் மாறிய பெயரையும் பெரும்பாலும் திருத்திக் கொடுப்பார்கள். அதைத் திருத்தம் என்றே சொல்லிக் கேளுங்கள். ஆளையே மாற்றுவது வேறு, அதற்கு அநேகமாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கூட்டாளி விமானமாக இருந்தால் சின்னத் திருத்தத்துக்கும் அங்கே அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும், நேரம் பிடிக்கும். ஆகவே விமான நிலையத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஊர்க் குறியீட்டிலும் கண் வையுங்கள். திருச்சி டி.ஆர்.இசட், திருவனந்தபுரம் டி.ஆர்.வி. தேடல் பெட்டியில் 'திரு' வரைக்கும் ஆங்கிலத்தில் தட்டிவிட்டு முதலில் வந்ததை அழுத்தினால் வேறு மாநிலத்தில் இறங்க வேண்டியதுதான். தேதியில் இன்னும் மோசம். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்ப நினைப்பவருக்குச் சனிக்கிழமைத் தேதி போட்ட டிக்கெட்தான் வேண்டும். வெள்ளி 1.50 மணி என்று எடுத்தவர், விமானம் போய் ஒரு நாள் கழித்து நிலையத்துக்கு வந்து நிற்பார்.

தவறை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவுக்குள்ளோ அங்கே போகவர உள்ள விமானத்திலோ, புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடமே நேரடியாக டிக்கெட் எடுத்தால் அங்கே ஒரு விதி உதவுகிறது. பணம் வாங்காமல் 24 மணி நேரம் இருக்கையைப் பிடித்து வைக்க நிறுவனம் அனுமதிக்க வேண்டும், அல்லது 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவிட வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் மைல்ஸ் டிக்கெட்டுக்கும் இந்தச் சலுகையைக் கொடுக்கின்றன. எனவே எடுத்த அன்றே, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மின்னஞ்சலை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எடுத்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரிவதில்லை.

ரத்து செய்தே தீர வேண்டும் என்றால், மைல்ஸ் கணக்குக்கும், அதோடு சேர்த்துக் கட்டிய வரிப்பணம் கார்டுக்குமாகத் தனித்தனியே திரும்பும். ரத்துக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பலரும் கவனிக்காத ஒன்று காலாவதி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்ஸுக்கு ஆயுள் 3 ஆண்டு. டிக்கெட் எடுத்த மைல்ஸின் ஆயுள் ரத்து செய்யும் நாளுக்குள் முடிந்துவிட்டிருந்தால் அவை திரும்ப வராது. அப்படிப்பட்ட மைல்ஸ் என்றால் ரத்துக்குப் பதில் தேதி மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கிரெடிட் கார்டு பாயிண்டை மைல்ஸாக மாற்றுவதை மட்டும் திருத்தவே முடியாது. போனது போனதுதான். தேடலில் ஓர் இருக்கை தெரிந்ததுமே மாற்றிவிடாதீர்கள். சில நேரம் தெரிகிற இருக்கை உண்மையில் இருக்காது. பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள், அல்லது போனில் கேட்டு உறுதிசெய்த பிறகு மாற்றுங்கள்.

எடுத்துச் சில வாரம் கழித்துப் பிழை தெரிந்தாலும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. நிறுவனம் தானாகவே நேரத்தை மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்குள்ளோ அங்கே போகவர உள்ள விமானமோ என்றால், அமெரிக்க விதிப்படி சர்வதேசப் பயணத்தில் 6 மணி நேரமோ அதற்கு மேலோ, அமெரிக்க உள்நாட்டில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ, முன்கூட்டியே கிளம்பும்படியோ தாமதமாகப் போய்ச் சேரும்படியோ மாறினால், நீங்கள் அதை ஏற்காத பட்சத்தில் கொடுத்தது முழுவதும், மைல்ஸ் உட்பட, திரும்பத் தர வேண்டும். அதைவிடச் சின்ன மாற்றமாக இருந்தாலும் பல நிறுவனங்கள் இலவசமாக வேறு விமானத்துக்கு மாற்றிக் கொடுக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எதுவுமே நடக்கவில்லை, பயணமும் வேண்டாம் என்றாலும், விமானம் கிளம்பும் முன் ரத்து செய்துவிடுங்கள். போகாமல் விட்டால் பல நிறுவனங்களில் மைல்ஸ் மொத்தமும் போகும், இல்லையென்றால் அபராதம் வரும். போகவர ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் விமானத்தை மட்டும் விட்டீர்களானால், திரும்பி வரும் பயணமும் சேர்ந்தே ரத்தாகிவிடும்.