நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்கு ரத்த மாதிரி எடுக்கும் முறை

புரதமாக மாறாத ஆர்என்ஏக்களுள் மைக்ரோ ஆர்என்ஏ-21 நுரையீரல் புற்றுநோயில் பெரும்பாலும் மிகுந்தும், செல் வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் மரபணுக்களை அடக்கும் லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ குறைந்தும் காணப்படுவதால், இவற்றை ரத்தத்தில் அளந்து ஆராய்கிறார்கள். மண்டபத்திலோ தொண்டியிலோ மாதிரி எடுத்து மதுரைக்கு அனுப்புவோர், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின், மரபுப்பொருளைப் பன்மடங்காகப் பெருக்கி அளக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும் என்பதால், ஈடிடிஏ என்ற வேறொரு உறைதல் தடுப்பானைக் கொண்ட, ஊதா மூடியிட்ட குழாயையே பயன்படுத்த வேண்டும். கடலோர வெயிலில் முழு ரத்தமாகப் பேருந்தில் ஏற்றிவிடாமல், எடுத்த இடத்திலேயே இரண்டு மணி நேரத்துக்குள் மையவிலக்கியில் சுழற்றி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைத்து, உலர்பனியில் அனுப்புவதே முறை.

பிரித்த பிளாஸ்மாவை வெள்ளைத்தாளின் முன் பிடித்துப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பு தட்டினால், சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றில் நிறைந்திருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ-451 கலந்துவிட்டது என்று பொருள், தயங்காமல் ஒதுக்கிவிடலாம். நோயை உறுதிசெய்யத் திசுப் பரிசோதனையே தேவை என்பதை மாதிரி தருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.