முதல் ஏர் ரைஃபிள்: காசை எதில் போடுவது, எதில் போடக் கூடாது

செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் ரெயில், பைபாட் (முன்னால் தாங்கும் இரட்டைக் கால்), லேசர் என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போகும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கு ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) வாங்கும் ஆசை வருகிறது. அந்த செமி-ஆட்டோமேட்டிக் ரகம் நம் ஊரில் கடைக்குப் போய் வாங்குகிற பொருள் இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடியது 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழல் உள்ள ஏர் ரைஃபிள்தான். அதன் சக்தியும் 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். முதல் ரைஃபிளுக்கு இது போதுமா என்று யோசிக்க வேண்டாம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதே 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில்தான்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கம் தோப்போ களமோ இருப்பவர்களுக்கு 10 மீட்டர் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரகத்தைத்தான் முதலில் எல்லோரும் வாங்குவார்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ரகத்துக்கானது.

முதல் வேலை ஸ்க்ரூ. புதுத் துப்பாக்கி ஒரே இடத்தில் அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை) ஸ்க்ரூ தளர்ந்திருப்பதுதான். முன்கட்டையில் பக்கத்துக்கு ஒன்று, ட்ரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்பிரிங் உலுக்குகிற உலுக்கலில் இவை தானாகக் கழன்று வரும். கழற்றி, மரையில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, நீல நிற லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, சரியான ஆலன் கீயால் விரல் பலத்துக்கு இறுக்குங்கள். மரக்கட்டை என்றால் அதற்கு மேல் முறுக்காதீர்கள், கட்டை நசுங்கும். சிவப்பு லாக்டைட் வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழலாது. 100 பெல்லட்டுக்கு (ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டு) ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

புதிதில் புகை வரும், சத்தமும் கூடுதலாக இருக்கும். கம்பெனியில் போட்ட எண்ணெய் அழுத்தக் குழாயில் எரிகிறது. சில நூறு பெல்லட் போனால் அடங்கும். அதுவரை குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) சரியில்லை என்று ஸ்கோப்பைத் திருகித் திருகிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

பெல்லட்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் இருந்தால் அது வேறெந்தச் சாமானை விடவும் இங்கேதான் பயன்படும். காகித இலக்குக்குத் தட்டைத் தலை பெல்லட், எடை 0.45 முதல் 0.55 கிராம் வரை. மூன்று நான்கு பிராண்டில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டு, மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து எழுதி வையுங்கள். ஒரே மாடல் இரண்டு துப்பாக்கிகளுக்குக்கூட வேறு வேறு பெல்லட் ஒத்துவரும். டப்பாவைத் திறந்ததும் சிலவற்றைக் கையில் உருட்டிப் பாருங்கள். பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்விளிம்பு) நசுங்கியது இருந்தால் தூக்கிப் போடுங்கள், அது ஒன்று போதும் ஐந்தில் ஒன்றைத் தனியே தள்ள. ஈயம் கலக்காத மிக லேசான பெல்லட் வேகமாகப் போகிறது என்று விற்பார்கள். லேசானது பிஸ்டனுக்கு எதிர்த்து நிற்காது. பிஸ்டன் போய் மோதும், ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். பெல்லட்டே இல்லாமல் ட்ரிகரை இழுப்பது இதைவிட மோசம்.

அடுத்தது பிடிமானம். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்குள் முன்னால் இழுக்கும். இறுக்கிப் பிடித்தால் அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி ஆகும். இடது உள்ளங்கையைத் திறந்து வைத்து முன்கட்டை அதன்மேல் வெறுமனே உட்காரட்டும், விரல்கள் மடங்க வேண்டாம். தோளில் லேசாகப் படட்டும். கை இருக்கும் இடம் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தாலே குரூப் வேறு இடத்துக்குப் போகும் என்பதால் சரியான இடத்தில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மணல் மூட்டைமேல் துப்பாக்கியை நேராக வைக்காமல் மூட்டைமேல் கை, கைமேல் கட்டை. இதனால்தான் பைபாட் இதற்கு ஒத்துவராது. பார்க்க கம்பீரமாக இருக்கும், அவ்வளவுதான்.

உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் உண்மையான கஸ்டமைஸ். முழங்கையை மடக்கி, கட்டையின் பின்பக்கத்தை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதல் கணு ட்ரிகரில் படிந்தால் நீளம் சரி. எட்டவில்லை என்றால் கட்டை நீளம், விரல் தாண்டிப் போனால் குட்டை. குட்டைக்கு ரப்பர் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே 5 மி.மீ. ரப்பர் ஷீட் வெட்டி வைத்து நீள ஸ்க்ரூ போட்டால் போதும். நீளமாக இருந்தால் அறுக்க அவசரப்படாதீர்கள், முதலில் மெல்லிய ரப்பர் பட்டை போட்டுப் பாருங்கள். கன்னம் வைக்கும் இடம்தான் பலர் மறப்பது. ஸ்கோப் மாட்டியதும் கண் உயரம் கூடிவிடும், தாடையைத் தூக்கிக்கொண்டு பார்க்க நேரும், தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். கண்ணை மூடிக் கன்னத்தை வைத்து, பிறகு திறந்தால் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். தெரியும்வரை ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட்டை அடுக்கி வெல்க்ரோவால் கட்டுங்கள். நூறு இருநூறு ரூபாய் வேலை.

ஸ்கோப் வாங்கினால் ஏர் ரைஃபிளுக்கென்று செய்ததாக, 10 மீட்டரில் ஃபோகஸ் ஆவதாக வாங்குங்கள். பெரிய துப்பாக்கி உதையைத் தாங்கும் ஸ்கோப்பும் இந்த இருவழி உலுக்கலில் உள்ளே கம்பி விட்டுப்போவது உண்டு. ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுன்ட் ஒற்றைத் துண்டாக, நிறுத்தும் பின் உள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மெல்ல மெல்லப் பின்னால் நகரும். கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் என்றால் 10 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 0.7 மி.மீ. சுமார். ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் அடித்தால் இடப்பக்கம் 14 கிளிக். ஒரு ஓட்டையைப் பார்த்துத் திருகாமல் ஐந்தின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள்.

தொடக் கூடாதவை: ஸ்பிரிங்கை வெட்டுவது, பவர் ஸ்பிரிங் போடுவது, ட்ரிகர் கொக்கியை அரம் போடுவது. முதல் இரண்டும் குரூப்பைக் கெடுக்கும், பவர் ஸ்பிரிங் 20 ஜூல் வரம்பையும் தாண்ட வைக்கலாம். மூன்றாவது, குழல் மடங்கியிருக்கும்போதே விட்டுவிடும், விரல் போகும். லோடு செய்யும்போது குழலை ஒரு கை பிடித்தே இருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். கம்பெனி கொடுத்த ட்ரிகர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக மட்டும் திருப்புங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் பக்கம் கத்தி, பூட்டு, சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் துப்பாக்கியில் அது பிசுபிசுக்கும், அழுத்தக் குழாயில் இறங்கினால் வெடித்து சீல் வாஷரை எரிக்கும். மழைக்காலத்தில் வெளி இரும்புக்குத் துப்பாக்கி எண்ணெயை மெல்லத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். சக்தி குறைந்த மாதிரி தெரிந்தால், பெல்லட் போட்டு மூடி, குழல் மடங்கும் இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்துச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் காற்று கசிகிறது, வாஷரை மாற்றுங்கள்.

இலக்குக்கு 10 மீட்டர் அட்டை. கருப்பு வட்டம் 30.5 மி.மீ., ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ., நடுப்புள்ளி 0.5 மி.மீ. பின்னால் மரப்பெட்டியில் 3 மி.மீ. இரும்புத் தகடு சாய்த்து வைத்து, முன்னால் பழைய புடவைகளை இறுக்கித் திணியுங்கள். தென்னை மரத்தில் அட்டையைக் குத்திச் சுடாதீர்கள், பெல்லட் திரும்பி வரும். தோப்பு என்றால் சுடும் முன் அண்ணாந்து பாருங்கள், சித்தூர் வட்டத்தில் காலையிலும் மாலையிலும் கள் இறக்குகிறவர் மரத்தில் இருப்பார். கண்ணாடி போடுங்கள், முடித்ததும் ஈயக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் மேக்காத்து கிளம்பும் மாதங்களில் 10 மீட்டரிலேயே பெல்லட் சில மில்லிமீட்டர் தள்ளும், இரட்டைத் தூரத்தில் அது ஏறக்குறைய நான்கு மடங்கு. ஸ்கோப் ஜீரோ செய்வதை (குறியும் அடியும் ஒன்றாகும்படி திருகி வைப்பதை)க் காற்று எழும் முன் விடியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலோ அணிலோ புறாவோ, எதையும் குறி பார்க்கக் கூடாது. ஏர் ரைஃபிளால் அடித்தாலும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டைதான். பரம்பிக்குளம் சரணாலயத்துக்குச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பயணத்தில் துப்பாக்கி வண்டியில் இருக்கவே கூடாது, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோவது தனிக் குற்றம். வாளையார், கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகக் கேரள-தமிழக எல்லை தாண்டினால் பெல்லட் ஏற்றாமல், ஸ்பிரிங் இழுக்காமல், உறையில் போட்டு டிக்கியில் வையுங்கள். பில்லும் அடையாள அட்டை நகலும் அதே உறைக்குள் இருக்கட்டும்.