மில்லர் என்றால் மெக்ஃபார்லேனா? ஸ்காட்லாந்துக் கிளான் சங்கத்தில் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் தங்கையின் மாமியார் கனடாக்காரர். பிறந்த வீட்டுப் பெயர் மில்லர். எடின்பரோவுக்கு வந்திருந்தபோது ராயல் மைல் தெருவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். சுவர் முழுக்க சாவி வளையங்கள், அகர வரிசையில் குடும்பப் பெயர்கள். கடைப்பையன் ஒரு அட்டையைப் பார்த்துவிட்டு, "மில்லரா? அப்படியென்றால் நீங்கள் மெக்ஃபார்லேன் கிளான்" என்றான். கிளான் என்றால் ஒரு தலைவரின் கீழ், ஒரு பெயரில் திரண்ட குலக்கூட்டம். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சால்வை, சுவரில் மாட்ட ஒரு கேடயப் பலகை, கிளான் வரலாறு அச்சடித்த ஒரு சுருள். பில் வந்தபோது எனக்கும் கண் கலங்கியது.

மில்லர் என்பது மாவு மில் நடத்தியவரின் தொழில்பெயர். ஓடை இருந்த ஊரிலெல்லாம் மில் இருந்தது, மில் இருந்த இடத்திலெல்லாம் ஒரு மில்லர் இருந்தார். ஸ்மித், டெய்லர் கதையும் இதேதான். கடைப்பையன் பார்த்த அட்டைக்கு 'செப்ட்' பட்டியல் என்று பெயர்: ஒரு பெரிய கிளானை அண்டி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சின்னக் குடும்பங்களின் பெயர்கள். லோமண்ட் ஏரியின் வடமேற்கே, மெக்ஃபார்லேன்களின் நிலத்தில் ஏதோ ஒரு மில்லர் இருந்திருக்கலாம். அதற்காக எல்லா மில்லர்களும் அங்கிருந்து வந்துவிடவில்லை. இந்தப் பட்டியல்கள் நீண்டுகொண்டே போனது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில், டார்டன் என்ற கட்டம் போட்ட துணியின் வியாபாரம் சூடுபிடித்த பிறகுதான். எந்த வாடிக்கையாளரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது அல்லவா.

சரி, பெயர் மெக்டொனால்ட் என்றே இருக்கிறது, அப்போதாவது ரத்த உறவு உறுதியா? அதுவும் இல்லை. 'கிளான்' என்ற கேலிக் (Gaelic) மொழிச் சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள். அதனால் எல்லோரும் ஒரே பாட்டனின் வாரிசுகள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், பாதுகாப்புக்கு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் எனப் பலரும் தலைவரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். மெக்டொனால்ட் தலைவர்களின் மூலவர் 1164-இல் இறந்த சோமர்லெட். அவருடைய ஆண்வழி டி.என்.ஏ. அடையாளத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், பரிசோதித்துக்கொண்ட மெக்டொனால்ட் ஆண்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. நம் ஊர்ப் பங்காளிக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கவே கூடாது. ஒரு கேம்ப்பெல் இன்னொரு கேம்ப்பெல்லைக் கட்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. 1603-இல் மெக்கிரெகர் என்ற பெயரையே அரசு தடை செய்தது. வைத்திருந்தால் மரண தண்டனை. இடையில் சில காலம் தளர்ந்த அந்தத் தடை ஒரேயடியாக நீங்கியது 1774-இல்தான். அதற்குள் பலர் கேம்ப்பெல், டிரம்மண்ட், முர்ரே என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். மெக்கிரெகர்களின் புகழ்பெற்ற நாயகன் ராப் ராயே தாயின் குடும்பப் பெயரான கேம்ப்பெல்லைப் பயன்படுத்தியவர். தடை நீங்கியதும் சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. இன்னொன்று: 'மெக்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தில் (Mc) எழுதினால் ஐரிஷ், மூன்று எழுத்தில் (Mac) எழுதினால் ஸ்காட்டிஷ் என்பார்கள். சுத்தக் கட்டுக்கதை. தேவாலய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி.

அன்றிரவு சால்வையை மடித்து வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தோம். அம்மா உடனே மெக்ஃபார்லேன் தலைவர் வம்சத்தைத் தேட ஆரம்பித்தார். பலரும் செய்யும் அடுத்த தவறு இது: மேலிருந்து கீழே வருவது. ராபர்ட் புரூஸ் மன்னரை உச்சியில் வைத்து, யாரோ இணையத்தில் வரைந்த மரத்தில் நம் கிளையை ஒட்டவைத்துக்கொள்வது. கீழிருந்துதான் ஏற வேண்டும்: நாம், அப்பா, தாத்தா, ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம்.

அந்தக் காகிதம் கிடைப்பதில் ஸ்காட்லாந்து கொடுத்துவைத்த நாடு. 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசிடம் பதிவது கட்டாயம். ஸ்காட்லாந்துக்கான தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் கணக்கு தொடங்கினால் பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தேடலாம். மூலப் பக்கத்தின் படத்துக்குத்தான் காசு. பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு கடந்திருந்தால்தான் படம் இணையத்தில் கிடைக்கும்.

அம்மாவுக்கு அதிர்ஷ்டம். அவருடைய முன்னோர் ஒருவர் பிறந்தது சரியாக 1855-இல். அந்த ஒரு வருடப் படிவம் மட்டும் தனி ரகம். பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், கல்யாணம் எங்கே எப்போது நடந்தது, ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எல்லாமே கேட்டார்கள். பதிவாளர்களுக்குக் கை ஓய்ந்துபோயிருக்க வேண்டும். 1856-இல் இவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். திரையில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கினோம். ஊர் டன்ஃபெர்ம்லின். தகப்பன் தொழில் கைத்தறி நெசவு. மூத்த பிள்ளைகள் இருவர், ஒன்று தவறிவிட்டது. மலை இல்லை, வாள் இல்லை, மெக்ஃபார்லேன் இல்லை. ஃபைஃப் சமவெளியில் லினன் நெய்த குடும்பம்.

ஆவணம் கிடைத்துவிட்டது என்று முழுக்க நம்பிவிடவும் கூடாது. ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் பெற்றோர் இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட இருக்கும். பெரிய உதவிதான், ஆனால் தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தைப் பார்க்காமல் நகராதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோ மருமகனோ என்றால், கிழவியின் தாய் பெயர் அவருக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது? 1855-க்கு முன்னால் போனால் தேவாலயப் பதிவேடுகள்தான். மிகப் பழையது 1553-ஐச் சேர்ந்தது. மலைப்பகுதிகளிலோ 18-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது கிடைப்பதே அபூர்வம். சாதாரணக் குடியானவர் குடும்பத்தை யாராவது 1300 வரை கொண்டுபோய்க் காட்டினால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்னோர் இந்தியாவுக்கு வந்த சிப்பாயாகவோ அதிகாரியாகவோ இருந்தால் ஸ்காட்லாந்திலேயே தேடிக்கொண்டிருப்பதும் வீண். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றி 1698 முதல் லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எழும்பூர் 'கர்க்' தேவாலயம் 1821-இல் எழுந்ததே ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகத்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவரை மட்டும் இந்திய ஆவணங்களில் தேடாதீர்கள். அது தனிக் காலனி.

டார்டன் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கிளானுக்கும் ஆதிகாலம் முதல் தனி டிசைன் இருந்தது என்பது அழகான கற்பனை. கலோடன் போரில் மலைநாட்டுக் கிளர்ச்சிப் படை தோற்ற பிறகு 1746-இல் மலைநாட்டு உடைக்கே தடை வந்து, 1782-இல்தான் நீங்கியது. 1815-இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் தலைவர்களிடம் அவரவர் டார்டனைக் கேட்டது. ராபர்ட்சன் தலைவர் தன் கிளான் கிழவர்களை விசாரித்தாராம். ஆளுக்கொரு டிசைன் சொன்னார்களாம். 1842-இல் இரு சகோதரர்கள் பழைய ஏட்டைப் பார்த்து அச்சிட்டதாகச் சொன்ன டார்டன் நூல் ஒரு போலி. ஆனால் அதிலிருந்த பல டிசைன்கள் இன்றும் கடையில் ஓடுகின்றன. அதனால் பிடித்ததைக் கட்டிக்கொள்ளுங்கள், சட்டப்படி யாரும் எதுவும் கேட்க முடியாது.

கேடயச் சின்னம் அப்படியல்ல. அம்மா வாங்கிய பலகையில் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்றிருந்தது. ஸ்காட்லாந்தில் அப்படி ஒன்று கிடையாது. சின்னம் ஒரு தனி மனிதருக்குச் சொந்தம். 1672 முதல் அதற்குப் பொதுப் பதிவேடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் லார்ட் லயன் நீதிமன்றத்துக்கு வழக்குப் போடவே தனி அதிகாரி உண்டு. சுவரில் மாட்டினால் யாரும் வரப்போவதில்லை. லெட்டர்ஹெட்டில் அச்சிட்டால் விவகாரம். உறுப்பினர் அணியக்கூடியது தலைவரின் கேடயத்துக்கு மேலே வரும் தலைச்சின்னத்தை வாரும் பக்கிளும் சுற்றிய பேட்ஜ். தொப்பியில் கழுகு இறகு செருகாதீர்கள்: மூன்று இறகு தலைவருக்கு, இரண்டு கிளைத்தலைவருக்கு, ஒன்று சொந்தச் சின்னம் பதிந்தவருக்கு.

ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் 'லேர்ட்' (நிலக்கிழார்) பட்டம் என்று விற்கிறார்களே, அந்த நிலத்தை அரசு நிலப் பதிவேட்டில் ஏற்றவே முடியாது. பரிசுப் பொருள் என்று நினைத்து வாங்கினால் நஷ்டமில்லை.

கடைசியாகச் சங்கம். உறுப்பினர் அட்டையை வம்சாவளிச் சான்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான சங்கங்கள் பெயரையும் சந்தாவையும் பார்த்தே சேர்த்துக்கொள்கின்றன. சிலவற்றுக்குப் பெயர்கூட வேண்டாம், ஆர்வம் போதும். காசு கட்டுமுன் மூன்று கேளுங்கள்: சங்கத்தில் வம்சாவளி பார்ப்பவர் இருக்கிறாரா, டி.என்.ஏ. திட்டம் உண்டா, சந்தா எதற்குச் செலவாகிறது. டி.என்.ஏ. முடிவைக் கொடுக்குமுன் அதை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா ஊருக்குப் போனதும் ஒரு சங்கத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார்: கடையில் சொன்னார்கள், ஆவணம் நெசவாளர் என்கிறது, ரத்த உறவுக்கு ஆதாரம் இல்லை, சேரலாமா? சந்தா விவரமும், ஆகஸ்டில் கனடாவின் மேக்ஸ்வில் ஊர் விளையாட்டு விழாவில் கூடாரத்துக்குக் கை ஆள் தேவை என்ற வரியும் பதிலாக வந்தன. போன வருடம் தங்கை அனுப்பிய படத்தில் அம்மா அந்தச் சால்வையோடு டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார். தொப்பியில் இறகு இல்லை.