வேலையில விட்ட பிழையப் பத்தி இன்டர்வியூல கேட்டா என்ன சொல்றது

கொழும்புல பாங்க், ஒடிட், ஐடி எண்டு எந்தப் பக்கம் இன்டர்வியூக்குப் போனாலும் இந்தக் கேள்விக்கு ரெடியா போங்க, "முந்தின வேலையில நீங்க விட்ட பிழை ஒண்டு சொல்லுங்க, அதுல என்ன படிச்சீங்க?" "நான் பெருசா பிழை விடுறதில்ல" எண்டோ "நான் ஓவரா வேல செய்வேன், அதுதான் என்ட பிழை" எண்டோ தயவுசெஞ்சு சொல்ல வேணாம். கேக்குறவருக்குத் தெரிய வேண்டியது, நாளைக்கு எங்கட ஒபிஸில ஒண்டு பிழைச்சா இவர் மறைப்பாரா இல்ல உடன வந்து சொல்லுவாரா எண்டதுதான். அதனால யாருக்கிட்ட எப்ப சொன்னீங்க, அதுக்குப் பிறகு வேலை செய்ற முறையில என்னத்த மாத்தினீங்க, இந்த ரெண்டும் பதில்ல கட்டாயம் இருக்கணும்.

முதல்ல பிழையத் தெரிவு செய்யணும். உண்மையா நடந்ததா, கொஞ்சமாவது பாதிப்பு வந்ததா, ஆனா சரி செஞ்சு முடிஞ்சதா இருக்கட்டும். காசு விஷயத்துல நேர்மையில்லாம நடந்தது, மேலதிகாரியோட சண்டை பிடிச்சது இதெல்லாம் இந்தக் கேள்விக்குச் சரிவராது. கதை கட்டவும் வேணாம், அடுத்தடுத்து ரெண்டு கேள்வி கேட்டா தெரிஞ்சிடும், அதோட கொழும்புல ஒரே துறையில இருக்கிறவங்க ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருப்பாங்க.

ஒரு உதாரணம் பாருங்க. 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் (பெறுமதி சேர் வரி) 15 வீதத்துல இருந்து 18 வீதமாச்சு. அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒருத்தர் பழைய இன்வொய்ஸ் ஃபோர்மட்ட மாத்தாம அனுப்பிட்டார் எண்டு வைங்க, லட்சம் ரூபா பில்லுக்கு 3,000 ரூபா குறையும். அவர் இப்பிடிச் சொல்லலாம்:

"வற் மாறின நேரம் எக்சல்ல இருந்த பழைய வீதத்த நான் மாத்தல்ல, சில இன்வொய்ஸ் 15 வீதத்துலயே போயிட்டு. வற் ரிட்டர்னுக்குக் கணக்குச் சேர்க்கிற நேரம்தான் கண்டேன். அண்டைக்கே மனேஜர்கிட்ட லிஸ்ட்டோட போய்ச் சொன்னேன், கஸ்டமர்மாருக்கு நானே கோல் எடுத்து விளக்கி, குறைஞ்ச காசுக்கு டெபிட் நோட் அனுப்பினேன். இப்ப வீதம் ஒரு செல்லில மட்டும்தான் இருக்கு, வரி மாறினா அத மாத்தி, முதல் இன்வொய்ஸ இன்னொருத்தர் பாத்த பிறகுதான் மிச்சம் போகும்."

பிழைக்கு ரெண்டு வசனம்தான், மிச்சமெல்லாம் பிறகு செஞ்சது. "அதுக்குப் பிறகு கவனமா இருக்கேன்" எண்டு மட்டும் முடிச்சா அது பதிலே இல்ல, கவனத்த யாராலயும் பாக்க ஏலாது, செக்லிஸ்ட் ஒண்டு போட்டத, இன்னொருத்தர செக் பண்ண வச்சத பாக்கலாம்.

எங்கட பிள்ளைகள் நிறையப் பேர் பெரியாக்களுக்கு முன்னால "நான் செஞ்சேன்" எண்டு சொல்லிப் பழகல்ல, எல்லாத்துக்கும் "நாங்க" எண்டு சொல்லிடுவாங்க. இந்தக் கேள்விக்கு "நான்" எண்டே சொல்லணும், இல்லாட்டி பிழையும் உங்கடதில்ல, திருத்தினதும் உங்கடதில்ல எண்ட மாதிரி ஆகிடும். "எனக்கு யாரும் சொல்லித் தரல்ல" எண்டு பழைய மனேஜர்ல பழி போடுறதும், திரும்பத் திரும்ப சொரி கேக்குறதும் அதே அளவுக்குக் கெடுதி. பிழைய வேற ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார் எண்டா அப்பிடியே சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்டுமில்ல.

இன்னும் வேலைக்குப் போகாதவங்க இன்டர்ன்ஷிப்ல நடந்தத, கெம்பஸ் ப்ரொஜெக்ட்ல நடந்தத சொல்லலாம். புறக்கோட்டையில மாமாட கடையில ஸ்டொக் எழுதி உதவி செஞ்சிருந்தா அதுவும் வேலைதான், தாராளமா சொல்லுங்க.

இன்டர்வியூ இங்கிலீஷ்ல எண்டாலும் முதல்ல வீட்டில அக்காவுக்கோ ஃப்ரெண்டுக்கோ தமிழ்ல கதையச் சொல்லிப் பாருங்க, எங்க இழுபடுது எண்டு உடன தெரியும். பிறகு சின்னச் சின்ன வசனமா இங்கிலீஷ்ல சொல்லிப் பழகுங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல போக விட வேணாம். பாடமாக்க வேணாம், ஒரு சொல் மறந்தா மிச்சமெல்லாம் நிண்டிடும். பழைய கம்பனிட கஸ்டமர் பேர எங்கயும் சொல்லிட வேணாம். "இன்னொண்டு சொல்லுங்க" எண்டு கேக்குறவங்களும் இருக்காங்க, அதனால சின்னதா இன்னொரு சம்பவமும் கையில வச்சுக்கொண்டு போங்க.